பொக்லைன் வருவதற்கு முன்: ஏரித் தாவரங்களைக் கணக்கெடுக்கும் முறை

ஏரியைத் தூய்மைப்படுத்துவது என்றாலே நீர்மேல் தெரியும் பச்சையை எல்லாம் வாரிக் கரையேற்றுவது என்ற எண்ணம் ஊன்றிவிட்டதால், ஆகாயத்தாமரையோடு அல்லியும் சம்பும் கோரையும் ஒன்றாகவே லாரியில் ஏறிவிடுகின்றன. அல்லி இலைமேல் நடந்து இரைதேடும் இலைக்கோழியும் சம்புப் புதரில் ஒதுங்கும் தாழைக்கோழியும் அத்துடன் இடமிழக்கின்றன. எதை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்று சொல்லும் பட்டியல் பொக்லைனுக்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். சென்னை கொருக்குப்பேட்டைத் தன்னார்வலர்கள் மாதவரம், மணலி, ரெட்டேரி ஆகியவற்றில் ஏதேனும் ஓர் ஏரியில் தொடங்கலாம். பக்கிங்காம் கால்வாய் அருகிலேயே ஓடினாலும், கழிவுநீர் மிகுந்ததும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்ததுமான அதில் புதியவர்கள் கைவைக்காதிருப்பது நலம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர்மட்டம் நிலைத்து, செடிகள் பூக்கத் தொடங்கும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குச் செல்வோர் அதே பயணத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏரியைப் பராமரிக்கும் துறையிடம், பெரும்பாலும் நீர்வளத் துறையிடம், எழுத்து வழி அனுமதி பெற்ற பின்னரே இறங்க வேண்டும்.

மேலைநாடுகளில் இரட்டைத்தலை வாரியைக் கயிற்றில் கட்டி எறிந்து நீரடிச் செடிகளை இழுக்கிறார்கள். அதற்கு இணையான கருவி தமிழ்நாட்டு வீடுகளில் வெகுகாலமாகவே உண்டு: கிணற்றில் விழுந்த வாளியை மீட்கும் பாதாளக்கரண்டி. அதன் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், ஆழத்தையும் அதுவே அளந்துவிடும். ரப்பர் கையுறையும் முழங்கால் வரையான பூட்சும் கட்டாயம். ஒருவர் எறியும்போது மற்றொருவர் கரையில் நிற்க வேண்டும்.

கரையோரமாக 50 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மதகு, கலங்கல், வரத்துக்கால், கழிவுநீர் விழும் வாய் ஆகியவற்றைத் தனிப் புள்ளிகளாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று முறை எறிந்து, வெறுங்கொக்கி வந்தால் 0, ஓரிரு இழைகளுக்கு 1, கொக்கிகள் பாதி மறைந்தால் 2, முழுதும் மறைந்தால் 3 என எழுதலாம். ஆர்வலர்கள் எழுதாமல் விடுவது பெரும்பாலும் அந்தச் சுழியத்தைத்தான். அது இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு தோன்றும் செடி புதிதாக வந்ததா, முன்பே இருந்து கண்ணில் படாமல் போனதா என்று சொல்ல வழியிருக்காது. 40 புள்ளிகளில் 26-இல் ஒரு செடி கிடைத்தால் அதன் பரவல் 65 விழுக்காடு.

கடினமான பகுதி பெயரிடுதல். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை எனப்படுவது பிஸ்டியா. வெல்வெட் போன்ற இலைகள் ரோஜா இதழ்களாக அடுக்கிய மிதவைச் செடி அது. செய்தித்தாள்கள் அப்பெயரால் சுட்டுவதோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஐக்கார்னியா. பஞ்சுபோல் உப்பிய இலைக்காம்பும், மேலிதழில் மஞ்சள் பொட்டுள்ள ஊதாப் பூவும் அதன் அடையாளம். வெங்காயத்தாமரை என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆகவே தமிழ்ப் பெயருடன் அறிவியல் பெயரையும் படத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். கீரையாகப் பறிக்கப்படும் பொன்னாங்கண்ணிக்கு இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டிய வெண்பூ. அதன் அயல்நாட்டு உறவான முதலைக்களைக்கோ, நீண்ட காம்பின் நுனியில் பூங்கொத்து. பூ இல்லாத செடியை ‘ஐயம்’ என்றே குறிப்பது நேர்மை.

கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாகச் சூழ்ந்து, விரலில் சொரசொரக்கும் ஹைட்ரில்லா இந்த மண்ணுக்கு உரியது. அதுவே 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக ஃபுளோரிடாவை அடைந்து அங்கே பெருங்களையாயிற்று. அதே வழி எதிர்த்திசையிலும் திறந்திருப்பதால், வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரை ஒட்டிய ரெட்டேரியில், தொட்டிச் செடிகளைக் கொட்டுவதற்கு வசதியான சாலையோரப் புள்ளிகளை இருமுறை பார்ப்பது தகும்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றி வல்லுநர்களிடம் உறுதிசெய்துகொண்டு, புள்ளி வரைபடத்தின் ஒரு படியைத் தூர்வாரும் ஒப்பந்தம் முடிவாகும் முன்பே பொறியாளரிடம் சேர்க்க வேண்டும். முதலைக்களை ஒரு கணு கிடைத்தாலும் முளைத்துவிடுவதால், கரண்டியையும் கயிற்றையும் பூட்சையும் அதே கரையில் கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்திய பின்னரே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.