சென்னையும் சிங்கப்பூரும்: தொலைவும் காலமும்

கடல் கடந்து பொருளீட்டச் செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. "அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்" என்று கூறும் குடும்பங்களைத் திருத்தணியின் சுற்றூர்களிலும் நான் அறிவேன். அவ்வூர் எவ்வளவு தொலைவு? சென்றடைய எவ்வளவு நேரம்? நம் பாடங்களின் துணை கொண்டே இவற்றுக்கு விடை காணலாம்.

முதலில் தொலைவைக் காண்போம். சென்னை விமான நிலையம் வட அட்சம் 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் உள்ளது. சிங்கப்பூர் விமான நிலையம் வட அட்சம் 1.4, கிழக்குத் தீர்க்கம் 104. எனவே அட்ச வேறுபாடு 11.6, தீர்க்க வேறுபாடு 23.8. தீர்க்கரேகைகள் துருவம் நோக்கி நெருங்குவதால், பின்னதை இடை அட்சமாகிய 7.2 பாகையின் கொசைன் மதிப்பால் (0.992) பெருக்க, 23.6 கிடைக்கும். பிதாகரஸ் தேற்றப்படி கர்ணம் 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டால், தொலைவு ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். வங்கக்கடலைக் கடக்கும் இவ்வழி, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனைக்கு அருகே செல்கிறது.

அடுத்து, நேரம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க மூன்றரை மணி நேரம் போதும். ஏறுதல், இறங்குதல், ஓடுபாதையில் ஊர்தல் ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஆகும். ஒரு காலத்தில் 'ரஜுலா', 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களில் சென்றோர்க்கு இதே பயணம் ஒரு வாரம் வரை பிடித்தது. 1985-இல் 'சிதம்பரம்' கப்பலில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் அச்சேவை நின்றுபோயிற்று.

ஆனால் கடிகாரம் வேறு கணக்குச் சொல்கிறது! சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்படுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை 5.30. கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம். அங்கே இரவு 8 மணிக்குப் புறப்படுபவரோ சென்னையில் 9.30-க்கே இறங்கிவிடுகிறார்; ஒன்றரை மணி நேரந்தான்! சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியிருப்பதே காரணம்.

இந்த இரண்டரை மணியும் சூரியன் தந்ததன்று. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், திருத்தணிக்கும் (79.6 பாகை) சிங்கப்பூருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு 98 நிமிடமே. நாம் 82.5 பாகைத் தீர்க்கத்தின் நேரத்தைக் கொண்டுள்ளோம்; அவர்கள் 120 பாகைத் தீர்க்கத்தின் நேரத்தைக் கொண்டுள்ளனர். 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியாவுடன் சேர்ந்து சிங்கப்பூரும் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணியே. ஊர்கள் நகரவில்லை; முள்தான் நகர்ந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. "எட்டு மணிக்கு விமானம்" என்று மகன் சொன்னதும், நான்கைக் கூட்டி நள்ளிரவுக்கு வண்டி பேசும் பெற்றோர், நிலையத்தில் அவனை இரண்டரை மணி நேரம் காக்க வைத்துவிடுவர். பயணச்சீட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊரின் நேரம் என்பதை அறிந்தோர் அறியாதோர்க்கு எடுத்துரைத்தல் நம் கடமையாகும். கற்ற கணக்கு வீட்டாருக்குப் பயன்படும்போதுதான் கல்வி முழுமை பெறுகிறது என்பது என் கருத்து.