முதல் மீட்டிங்குக்குப் போவது எப்படி?

"முப்பது நாள் வார்டுல வச்சு வைத்தியம் பார்த்தோம். நகையை அடகு வச்சுப் பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து பதினஞ்சு நாள்கூட ஆகலை... மறுபடியும் கடைக்குப் போயிட்டாரு!"

குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கும் எந்த டாக்டரும் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. வைத்தியம் பலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்து மதுவை இறக்குவார்கள், கை நடுக்கத்தை நிறுத்துவார்கள், புத்தி சொல்லி அனுப்புவார்கள். ஆனால், வீடு திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணி அடிக்குமே... அப்போது என்ன செய்வது? அதற்காகத்தான் 'ஏ.ஏ.' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற இடம். அவ்வளவுதான்!

1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு ஒரு வேலையாக வந்திருந்தார், பில் வில்சன் என்ற பங்குத் தரகர். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த காரியம் தோல்வி. தங்கிய ஹோட்டலிலேயே பார் வேறு! மனசு தடுமாறியபோது அவர் டெலிபோனைத்தான் எடுத்தார். 'நான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா?' என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஜூன் 10ம் தேதி அந்த டாக்டர் குடித்ததே கடைசி. அந்த நாளைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பில் போன் செய்தது டாக்டரைத் திருத்த இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள! பேசுகிறவருக்கும் அது மருந்து. இந்தியாவிலும் 1957 முதல் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

எங்கே தேடுவது? சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் கேட்டாலே பெரும்பாலும் விவரம் கிடைத்துவிடும். 14446 என்ற இலவச எண்ணில் அரசின் போதை மீட்பு உதவி மையத்தையும் கேட்கலாம். கூட்டம் தமிழில் நடக்கிறதா, குடிநோயாளிகள் மட்டும் வரும் மூடிய கூட்டமா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குழு இல்லாதவர்கள் செல்போன் வழியாகவே கலந்துகொள்ளும் கூட்டங்களும் இப்போது உண்டு.

"சர்ச் ஹால்ல நடக்குதாமே... மதம் மாத்திடுவாங்களோ?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சர்ச், பள்ளிக்கூடம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். 'நம்மை மீறிய ஒரு சக்தி' என்று பேச்சு வரும். அது எது என்பது அவரவர் இஷ்டம். முருகனாக இருக்கலாம், அல்லாவாக இருக்கலாம், அந்தக் குழுவாகவேகூட இருக்கலாம்.

"ஊருக்குத் தெரிஞ்சிடுமே?" என்பது அடுத்த பயம். வருகைப் பதிவேடு கிடையாது. முழுப் பெயர், வேலை, ஜாதி எதுவும் கேட்க மாட்டார்கள். சந்தாவும் கிடையாது. செலவுக்காக ஒரு டப்பா சுற்றி வரும், புதிதாக வந்தவர் போடவேண்டியதில்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. பெண்களுக்கும் குடிநோய் வருகிறது, அவர்களும் போகலாம்.

உள்ளே ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். ஒருவர் எழுந்து, "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. பேச இஷ்டமில்லையா? "இன்னிக்குக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரலாம். முதல் நாள் பெரும்பாலும் 'நான் இவங்க அளவுக்கு மோசமில்லை' என்றுதான் தோன்றும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து தடவை போய்ப் பாருங்கள். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்று. கிளம்பும் முன் ஒருவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கூட்டத்தைவிட அந்த நம்பர் முக்கியம்! ராத்திரி மனசு அலையும்போது கூப்பிட ஒரு ஆள் வேண்டுமே?

இதெல்லாம் பலன் தருமா? 2020ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.வுக்கு முறைப்படி அனுப்பப்பட்டவர்களில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள், மற்ற மனநல சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர், 'நாளைக்கு மீட்டிங், இன்றே நிறுத்துகிறேன்' என்று திடீரென விடக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், பிறகு கூட்டம். குழுவில் யாராவது சொன்னார் என்று மனநல மாத்திரைகளை நிறுத்துவதும் தப்பு.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு... அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கிற வேலையே வேண்டாம். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து விபரீதமாகிவிடும். கூட்டம் முடிந்து வந்தவரிடம் வாயை ஊதச் சொல்லாதீர்கள், "அங்க என்ன பேசினாங்க?" என்று குடையாதீர்கள். அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவர் வரவே மாட்டேன் என்கிறாரா? நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே 1951ல் தொடங்கிய 'ஆல்-அனான்' குழுக்கள் இருக்கின்றன. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் அங்கே உங்களுக்கு ஒரு நாற்காலி உண்டு.