தேன் சரி, மகரந்தம் வேண்டாம்: தறிக்காரர்களுக்குச் சில வார்த்தைகள்

சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இருமலும் இளைப்பும் புதிதில்லை. குடோனுக்குள் பறக்கும் பஞ்சுத் தூசி அப்படி. எங்கள் தென்னந்தோப்பில் தேனீப்பெட்டி வைத்ததிலிருந்து தேன் வாங்க வருகிறவர்கள் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள்: “ஏனுங்ண்ணா, நம்மூர்ப் பூவுல எடுத்த தேனைச் சாப்பிட்டா வீசிங் நிக்குமுங்களா?”

நிற்காது. தேன் விற்கிற நானே சொல்கிறேன். உள்ளூர்த் தேனில் உள்ளூர் மகரந்தம் இருக்கும், தினம் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்கிறார்கள். ஆனால் நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் புல்லிலிருந்தும் பார்த்தீனியத்திலிருந்தும் காற்றில் வரும் மகரந்தம். தேனில் சேர்வதோ தேனீ தேடிப்போகும் பூக்களுடையது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒவ்வாமை உள்ள 36 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. உள்ளூர்த் தேன் சாப்பிட்டவர்களுக்கும் தேன் மணம் சேர்த்த பாகு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் இளைப்புக்கோ மகரந்தத்தோடு சம்பந்தமே கிடையாது.

இப்போது தேனை விட மகரந்தத்துக்குத்தான் கிராக்கி. காலையில் பெட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்தால், பின்னங்கால் இரண்டிலும் சின்ன உருண்டையோடு தேனீக்கள் வந்து இறங்கும். தென்னம்பாளை விரிந்திருக்கும் நாளில் அது வெளிர் மஞ்சளாக இருக்கும். வாசலில் துளைத்தகடு மாட்டினால், தேனீ நுழையும்போது உருண்டை உதிர்ந்து கீழே தட்டில் விழும். அதைக் காயவைத்துப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். கூட்டிலிருக்கும் புழுக்களை வளர்க்கிற தீனி அது. புரதம் நிறைய உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் சிலர் உடம்புக்கு ஆகாமல் போவதும் அந்தப் புரதமே. பக்கத்துக் குடோனில் தறி ஓட்டும் தம்பி ஒருவர், பல வருஷமாக இளைப்பு உள்ளவர், ஆன்லைனில் வாங்கிய மகரந்தத்தை ஒரு ஸ்பூன் பாலில் கலக்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

இளைப்போ மகரந்த ஒவ்வாமையோ இருப்பவர்கள் ஒரு சிட்டிகைகூடப் போட்டுப் பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தேனுக்கு நிஜமான பலன் உண்டு. சளியோடு வரும் இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் தொண்டைக்கு இதமாக இருக்கும். பிரிட்டனில் 2018 முதல் மருத்துவ வழிகாட்டுதலிலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ‘சுகர் இருக்கிறவங்க தேன் சாப்பிடலாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அடையின் அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகுதான் தேன் எடுத்தார்களா? மூடாத தேனில் ஈரம் அதிகம், சீக்கிரம் புளித்துப்போகும். பூ இல்லாத காலத்தில் பெட்டிக்கு வைத்த சர்க்கரைப் பாகை எப்போது நிறுத்தினார்கள்? தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் கொளுத்திப் பார்ப்பது எதற்கும் உதவாது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளில் ஐந்துதான் எல்லாச் சோதனையிலும் தேறின. ஆய்வுக்கூடத்தையே ஏய்க்கிற பாகு சந்தையில் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் கேட்டு வந்தால் நான் கொடுப்பதில்லை, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும். சுத்தமான தேனிலும் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். வீட்டில் காய்ச்சினாலும் சாகாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கினால் கை கால் துவண்டு, மூச்சே நின்றுபோகலாம். ஒரு வயது முடியும்வரை நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் அம்மிச்சிகளிடமும் அப்பத்தாக்களிடமும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.