செய்தி எந்த வழியாக வருகிறது?

1896-இல் தொடங்கிய ‘மலாய் மெயில்’ 2018 டிசம்பரில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மட்டும் மாறியது. அடுத்த சில வாரங்களிலேயே, 2019 தொடக்கத்தில், 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ நின்றது. ஒரு பத்திரிகை வீடு மாறிப் போனது, இன்னொன்றின் வீடே பூட்டப்பட்டது. ஏன் இப்படி? நான் பொறியியல் படிக்கிறவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது கருவி எப்படி ஓடுகிறது, பணம் எங்கே போகிறது என்ற பக்கத்திலிருந்து, இதைப் பார்க்கலாம்.

ஒரு தமிழ் நாளிதழை விரித்தால் என்னென்ன இருக்கும்? முதல் பக்கத்தில் அரசியல். உள்ளே தமிழ்ப்பள்ளிச் செய்தி, கோவில் திருவிழா, சினிமா, மரண அறிவிப்பு, நினைவாஞ்சலி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சிறுகதையும் கவிதையும் உண்டு. நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் ஞாயிறு பதிப்பில்தான் வளர்ந்தார்கள். எல்லாம் ஒரே கட்டு. சினிமாப் பக்கத்துக்காக வாங்கினவர் கண்ணிலும் ஏதோ ஒரு தோட்டத்தில் வீட்டுப் பிரச்சினை என்ற செய்தி பட்டுவிடும். மரண அறிவிப்புக்கும் தீபாவளி வாழ்த்துக்கும் கட்டிய காசும் சேர்ந்துதான் அந்தத் தோட்டத்துக்கு நிருபரை அனுப்பியது.

கைப்பேசி இந்தக் கட்டைப் பிரித்துவிட்டது. சினிமா யூடியூபுக்குப் போச்சு. மரணச் செய்தி புலனத்தில், உறவினர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. காசும் கிடையாது. விளம்பரம் கூகளுக்கும் முகநூலுக்கும் போனது. மிஞ்சியது அந்தத் தோட்டத்துச் செய்தி மட்டும். அதற்கு யார் காசு கொடுப்பது?

இப்போது செய்தியை வரிசைப்படுத்துவது யார் என்று கேளுங்கள். முன்பு ஆசிரியர் உட்கார்ந்து முதல் பக்கம் எது என்று முடிவு செய்தார். முகநூலிலும் டிக்டாக்கிலும் ஒரு கணிப்பு நிரல் செய்கிறது. இவர் இதைத் தொடுவாரா, எத்தனை விநாடி பார்ப்பார், பகிர்வாரா என்று உங்கள் பழைய பழக்கத்தை வைத்து மதிப்பெண் போடும். மதிப்பெண் கூடினது மேலே வரும். 2018 ஜனவரியில் முகநூல், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. அதையே நம்பியிருந்த செய்தித் தளங்கள் உலகம் முழுக்கத் தடுமாறின. அடுத்தவன் வீட்டு வாசலில் கடை போட்டால் இதுதான் கதி.

நமக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும். யுனிகோடு தமிழில் 70 குறிகள்தான். ‘கோவில்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறி. எண்ணிப் பாருங்க, ஏறக்குறைய பத்துச் சொல்லில் செய்தி முடிந்துவிடும்! அதுவும் அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழே தெரியாது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கல் அன்று சிங்கப்பூரில் வெளியானது. கைப்பேசியில் தமிழ் தட்டுவது அப்படிப் பழக்கமானது. தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆக, எழுத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது பணச் சிக்கல்.

காலையில் உங்கள் குடும்பப் புலனக் குழுவைத் திறந்து பாருங்கள். யாராவது ஒரு மாமா அன்றைய நாளிதழை பிடிஎஃப் கோப்பாகப் போட்டிருப்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். தமிழ் வளரணும் என்று ஒரு கும்பிடு படமும் கூடவே வரும். ஆனால் ஒரு பிரதி விற்று ஐம்பது பேர் படித்தால் அலுவலகத்துக்கு வருவது ஒரு பிரதிக் காசு. விளம்பரதாரரிடம் காட்ட வாசகர் கணக்கும் இருக்காது, ஏனென்றால் புலனத்தில் சுற்றும் கோப்பை யாரும் எண்ண முடியாது.

வாசகர் காசில் செய்தித் தளம் நிற்க முடியுமா என்றால், முடியும். ‘மலேசியாகினி’ 1999-இல் இணையத்திலேயே பிறந்தது. 2002 முதல் சந்தா வாங்குகிறது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பொதுமக்கள் சில மணி நேரத்திலேயே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். தமிழுக்கு அப்படி ஒரு கூட்டம் திரளுமா? நம் எண்ணிக்கை குறைவு, உண்மைதான். ஆனால் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட வசூல் செய்யத் தெரிந்த சமூகம் இது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். இந்த வாரம் உங்களுக்கு வந்த உள்ளூர்த் தமிழ்ச் செய்தி ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணொளி, படம், குரல் பதிவு, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றும் முதலில் எங்கே வெளிவந்தது என்று பின்னோக்கித் தேடுங்கள். படத்துக்குள் எழுதிய செய்தி என்றால் அதன் ஒரு வரியைத் தட்டச்சு செய்து தேட வேண்டும். தேதியைப் பாருங்கள், பழைய செய்தி புதுசு மாதிரி வருவது சகஜம். ஆதாரமே கிடைக்காதவற்றை 2017 முதல் இயங்கும் அரசாங்கத்தின் ‘செபெனார்ஞா’ தளத்தில் தேடலாம். அங்கே மலாய்ச் சொற்களைப் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

எங்கள் குழுவில் இதைச் செய்தோம். டிக்டாக்கில் ஒருவர் ஆவேசமாகப் பேசிய தமிழ்ப்பள்ளிச் செய்தியை நூல் பிடித்துக்கொண்டே போனோம். இரண்டு முகநூல் பக்கம், ஒரு புலனப் படம் தாண்டி, கடைசியில் ஒரு நாளிதழின் ஏழாம் பக்கத்தில் போய் நின்றது. மூலையில் சின்னதாக ஒரு நிருபரின் பெயர் இருந்தது. இடையில் வந்த எதிலும் அந்தப் பெயர் இல்லை.