வேனிற்காலப் பனைவிருந்து

நாஞ்சில் நாட்டின் கீழ்வாயிலாகிய ஆரல்வாய்மொழிக் கணவாயில், மேல்பால் நெல்வயலும் கீழ்பால் வறண்ட நிலமும் அமைந்துள்ளன. வறண்ட நிலத்தின் செல்வம் பனையே. கோடை விடுமுறையில் சிறுவரை யாது கொடுத்து மகிழ்விப்பது என வினவுவோர் பலர். நிறமூட்டிய புட்டிநீரினும் எளிதாய், அவர்தம் கைக்கும் அறிவுக்கும் ஒருங்கே வேலை தருவதாகிய பனைவிருந்தினை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நுங்கு. பெண்பனையே இதனைத் தரும். ஒரு காயில் பெரும்பாலும் 3 கண்கள் உள. தலை சீவிய காயைச் சிறுவர் கையிற் கொடுத்துப் பெருவிரலால் தோண்டி உண்ண விடுக. கரண்டியால் எடுத்துக் கொடுப்பது இன்பத்தைப் பாதியாக்குவதாம். முற்றிக் கடினப்பட்டது வயிற்றை நோகச் செய்யும். எஞ்சிய கூடு இரண்டினை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகிக் கவைக்கோலால் தள்ளின், அதுவே வண்டியாம்.

அடுத்தது பதநீர். இவ்வட்டாரத்தார் அக்கானி என்பர். பாளையினின்று சொட்டும் நீர் சருக்கரை மிக்கது. நுண்ணுயிர்கள் புகின் சில மணி நேரத்திற் கள்ளாகும். ஆகலின், பனையேறுவோர் கலயத்தின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவுவர். அதன் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்கின்றது. பாளை ஒன்றே, கலயமும் ஒன்றே; கள்ளையும் பதநீரையும் வேறாக்குவது அச்சுண்ணாம்புப் பூச்சேயாம். வேதியியல் பயிலும் நம் மாணவர், சுண்ணாம்பு மிக்க பதநீரிற் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து, அது நீலமாதலைத் தம்பி தங்கையர்க்குக் காட்டலாம்.

காலையில் இறக்கிய அக்கானியைத் தெளியவைத்து வடித்து, நுங்குச் சுளையும் மாங்காய்த் துண்டும் இட்டு, ஓலைப்பட்டையில் அருந்துக. புளிப்பு மணம் தோன்றின் சிறுவர்க்குக் கொடுக்கற்க.

அருந்தும் பிள்ளைகள், அது வந்த வழியையும் அறிதல் வேண்டும். காலையும் மாலையும் ஒருவர் மரமேறிப் பாளை சீவினாலன்றி நீர் சொட்டாது. கால் வழுக்கின் உயிர்க்கே இடராம். அத்தொழிலை மேற்கொள்வார் இன்று அருகினர். பாளை சீவுவாரின்றி நிற்கும் பனைகள் பல. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாதென அறிவித்தது. மரத்தைச் சட்டம் காக்கலாம். ஏறுவாரைக் காப்பது நாம் கொடுக்கும் விலையே. பனையடியிற் பேரம் பேசுவோரைக் காணுந்தோறும் நமக்கு வருத்தமே மிகுகின்றது. ஒரு நாட்காலை பிள்ளைகளைப் பனைவிளைக்கு அழைத்துச் சென்று, ஏறுபவரையும் அவர் இடையிற் கட்டிய அரிவாட் பெட்டியையும் காட்டுதல் நன்று.

பதநீர் கிடையாத ஊரினர் கருப்புக்கட்டிப் பானகம் செய்க. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்து ஆறவிட்டதே கருப்புக்கட்டி. 100 கிராம் கட்டியைத் தட்டி, 1 லிட்டர் நீரிற் கரைத்து, துணியில் வடித்து, எலுமிச்சைச் சாறும் சுக்குத்தூளும் சிறிது ஏலமும் சேர்த்து மண்பானையில் வைக்க. தட்டுதலும் பிழிதலும் பிள்ளைகள் செய்யட்டும். வெல்லத்திலும் பானகம் செய்யலாம். ஆயின் கருப்புக்கட்டியின் மணம் அதற்கில்லை.