பினாங்கிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

சிடாம் கிரியில் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் தவறிவிட்டதாகத் தகவல் வருகிறது. “எடுப்பதற்குள் வந்துவிட முடியுமா?” என்று அங்கிருந்து கேட்கிறார்கள். ‘ரஜுலா’ கப்பல் ஓடிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடலிலேயே பல நாள் கழிந்துவிடும். 2024 டிசம்பரில் பினாங்கு–சென்னை நேரடி விமானச் சேவை தொடங்கிய பிறகு, கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் சுமார் 2,360 கிலோமீட்டர். நடுவானில் விமானத்தின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் என்று வையுங்கள். வகுத்தால் 2 மணி 50 நிமிடம் வருகிறது. அட்டவணையிலோ மூன்றரை மணிக்கும் சற்று அதிகம். மீதி நேரம் எங்கே போனது?

நம் பக்கத்து லங்காவியே விடை சொல்லும். பினாங்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். அதே வேகத்தில் பறந்தால் ஒன்பதரை நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் அட்டவணையில் அரை மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். விமானம் நிறுத்தத்தை விட்டு நகரும்போதே பயண நேரம் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெதுவாக மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். முழு உயரத்திலிருந்து இறங்குவதற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தேவை. ஆகவே லங்காவிக்குப் போகும் விமானம் அந்த உயரத்துக்கு ஏறுவதே இல்லை!

அடுத்தது காற்று. எதிர்க்காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால், தரையை வைத்துப் பார்க்கும்போது விமானத்தின் வேகம் 750 ஆகக் குறையும். சென்னைக்கு 3 மணி 9 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 910. 2 மணி 36 நிமிடம் போதும். ஆல்ப்ஸ் மலைக்கு அருகிலுள்ள சூரிக் நகரிலிருந்து சிங்கப்பூர்த் தீவுக்கு வருவதைவிடத் திரும்பிப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிப்பதற்கு, அங்கே மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று ஒரு முக்கியக் காரணம். நம் வட்டாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலுவான காற்றோட்டம் இருக்கும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். விமானங்கள் அதன் மையத்துக்குச் சற்றுக் கீழேதான் பறக்கின்றன என்றாலும், சென்னைக்குப் போகும்போது அது ஓரளவு கைகொடுக்கும்.

பலரை ஏமாற்றுவது கடிகாரம். காலை 10.00 மணிக்குப் பினாங்கில் புறப்பட்டு 3 மணி 40 நிமிடம் பறந்தால், சென்னையில் மணி 11.10தான். மறுநாள் அங்கே 10.00 மணிக்குக் கிளம்பினால், இங்கே வந்து சேர மாலை 4.10 ஆகிவிடும். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் போக 1 மணி 10 நிமிடம், வர 6 மணி 10 நிமிடம்! இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 3 மணி 40 நிமிடம், உண்மையான பயண நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்குங்கள்: இரண்டரை மணி, இரு நாட்டுக் கடிகாரங்களின் வித்தியாசம். 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைப்பதற்கு முன், இது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது.