துணிப் படுக்கை நாற்றம்: காரணமும் கட்டுப்பாடும்

தமிழில் 'வாசனை' என்றால் நல்ல மணம். இங்கே தெலுங்கில் 'வாசன' என்றால் எந்த மணமும் ஆகலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் அது நாற்றம்தான். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் எங்கள் கூடத்தில் கால் வைத்ததும் "ஏதோ வாசன வஸ்தோந்தி" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரே நாற்றத்தில் இருக்கும் மூக்கு சிறிது நேரத்தில் அதை உணர்வதை விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வருகிறவர்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடத்தின் மூலையில் பேத்தியின் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன.

திருப்பதியிலும் சித்தூரிலும் நம் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளைகள் இந்தப் பிராணியை ஆசையாக வளர்க்கிறார்கள். மரத்தூள் பரப்பினால் வீடெங்கும் பறக்கிறது. தூசு பிராணியின் மூச்சுக்கும் ஆகாது. துணி விரித்தால் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் "துணி நாறுகிறது" என்ற குறை இரண்டாம் வாரமே வந்துவிடும். அடுத்த பேச்சு, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது. அதற்கு முன் இந்தப் பாடத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நாற்றம் பிராணியின் குணமல்ல, நனைந்த துணி நெடுநேரம் கிடப்பதன் விளைவு.

1. பிராணியைப் பற்றிச் சில வார்த்தைகள்

கினிப்பன்றி, பன்றி இனமும் அல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில், பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும் கொறிக்கும் பிராணி இது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, பிறகு உலகமெங்கும் பரவியது. நன்கு வளர்ந்தால் ஒரு கிலோ எடை வரும். புல்லும் கீரையும் காய்கறியுமே உணவு.

தாவர உணவு உண்பதால் இதன் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது. சற்றுக் கலங்கலாகவும் இருக்கும். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து துணியிலும் தட்டிலும் வெள்ளைப் படிவாக உறையும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே ஜாதிதான். இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வையுங்கள், துவைக்கும்போது தேவைப்படும்.

2. நாற்றம் எப்படி உண்டாகிறது

புதிதாகப் பெய்த சிறுநீரில் அவ்வளவு நெடி இராது. அதில் யூரியா என்ற பொருள் கரைந்திருக்கிறது. யூரியாவுக்குத் தனியே நெடி கிடையாது. வயலுக்குப் போடும் யூரியா மூட்டையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் துணியில் உள்ள பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதைப் பிளந்து அமோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் நெடி அந்த அமோனியாவே. 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வகை அவரை விதையிலிருந்து இந்த யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த மாற்றம் நடக்க மூன்று வேண்டும்: ஈரம், வெப்பம், நேரம். திருப்பதியின் வெப்பத்தை நாம் குறைக்க முடியாது. ஈரமும் நேரமும் நம் கையில் இருக்கின்றன.

3. மஞ்சள் காகிதச் சோதனை

பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதல்லவா? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அமோனியாவும் காரமே.

சமையல் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைக் காகிதத் துண்டுகளில் பூசி உலர்த்துங்கள். மூடியுள்ள இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றில் இன்று காலை நனைந்த துணித் துண்டையும், மற்றதில் இரண்டு நாள் முன்பு நனைந்த துண்டையும் போடுங்கள். மஞ்சள் காகிதத்தைச் சிறிது ஈரமாக்கி, துணியில் படாமல் மூடியின் உள்பக்கம் ஒட்டி மூடிவையுங்கள். சில மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய துணிக்கு மேலுள்ள காகிதம் முதலில் செந்நிறம் கொள்ளும். அந்தக் காகிதத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மீண்டும் மஞ்சளாகும். காரத்தை அமிலம் அடக்குகிறது. துவைப்பதில் உள்ள இரகசியமும் அவ்வளவுதான்.

4. துணியை அடுக்கும் முறை

ஒரே துணியை விரிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. மூன்று அடுக்கு வேண்டும். அடியில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு. நடுவில் உறிஞ்சும் துணி: பழைய பருத்தித் துண்டோ, வேட்டியோ, மூன்று நான்கு மடிப்பாக. மேலே 'ஃபிளீஸ்' எனப்படும் மென்மயிர்ப் பாலியஸ்டர் துணி. குளிர்காலப் போர்வையாகக் கடைகளில் கிடைப்பது.

பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. இழைகளின் இடைவெளி வழியே ஈரம் கீழே இறங்கும். பருத்தி அதை இழுத்துக்கொள்ளும். பிராணியின் கால் படும் மேற்பரப்பு உலர்ந்திருக்கும். இரயில்வேயில் பழைய வேகன்களின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய திணிப்பு வைப்போம். அடியில் உள்ள எண்ணெயை அது மேலே இழுத்துச் சுழலும் அச்சில் தடவிக்கொண்டே இருக்கும். திணிப்பின் முகம் பளபளவென்று இறுகிவிட்டால் எண்ணெய் ஏறாது. அச்சு சூடாகி வண்டி நின்றுவிடும். ஃபிளீஸும் அப்படித்தான். புதுத் துணியில் உள்ள பூச்சு ஈரத்தைத் தடுக்கும். ஆகவே முதலில் இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டு ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்தாக நின்றால் மறுபடி துவைக்க வேண்டும்; உடனே இறங்கினால் துணி தயார். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களைச் சேர்க்காதீர்கள். அவை இழைமேல் மெழுகுபோல் படிந்து ஈரத்தை மேலேயே நிறுத்திவிடும்.

கினிப்பன்றிகள் பெரும்பாலும் தீனி தின்னும் இடத்திலும் ஒளியும் கூண்டிலுமே சிறுநீர் கழிக்கும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் தனியாக ஒரு சிறு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தினமும் மாற்றினால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

5. துவைக்கும் முறை

முதலில் புழுக்கை, புல், மயிர் யாவற்றையும் வெளியே உதறுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். அடுத்து அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். வினிகர் அமோனியாவை நெடியற்ற உப்பாக மாற்றும். சுண்ணாம்புப் படிவையும் கரைக்கும். அதன்பின் நன்றாக அலசி, வாசனை குறைந்த சோப்புத்தூள் போட்டு, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

போர் தண்ணீர் கடினமாக உள்ள வீடுகளில் சோப்புக் கட்டி உதவாது. அது நுரைக்காமல் பிசுக்காகத் திரிந்து இழைகளை அடைக்கும். அங்கே டிடர்ஜென்ட் தூளே ஏற்றது.

6. செய்யக் கூடாதவை

அ. பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ வினிகருடன் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். சிறுநீர் ஊறிய துணிமேல் நேரே ஊற்றினாலும் அமோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயு உண்டாகும்.

ஆ. சமையல் சோடா தூவுவது பலருடைய பழக்கம். அதுவும் ஒரு மெல்லிய காரம். காரமான அமோனியாவை அடக்க அதனால் ஆகாது.

இ. பாச்சை உருண்டை, கற்பூரம், பினாயில், ஸ்பிரே எதையும் கூண்டருகே வைக்காதீர்கள். திருப்பதியில் ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவை நாற்றத்தை நம் மூக்குக்கு மறைக்குமே தவிர அமோனியாவை அகற்றா. சின்னப் பிராணியின் மூச்சுக்கு இரண்டு சுமையாகிவிடும்.

ஈ. ஆழமான கண்ணாடித் தொட்டியில் வளர்க்காதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் வாயு அடியிலேயே தங்கும்.

7. மழைக்காலம் சொல்லித் தந்த பாடம்

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன பிறகு நான் செய்தது என்ன? கடையில் ஒரு மல்லிகை ஸ்பிரே வாங்கி வந்தேன். நாற்றம் போய்விட்டதென்று நினைத்தோம். 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் பெருமழை பெய்து தெருவெல்லாம் வெள்ளமானது நினைவிருக்கும். ஜன்னல்களை அடைத்தோம். துவைத்த துணி காயவில்லை. போட்ட துணியே ஐந்து நாள் கிடந்தது. ஸ்பிரே அடித்துக்கொண்டே இருந்தோம். ஆறாம் நாள் ஒரு கினிப்பன்றி மூக்கு ஒழுகி, தீனி தொடாமல் ஒடுங்கிவிட்டது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "துணி மாற்றி எத்தனை நாள் ஆகிறது?" என்றுதான் முதலில் கேட்டார். அது பிழைக்கவில்லை. குளிரும் சேர்ந்திருக்கலாம், அமோனியா மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மனிதர் வேலை செய்யும் இடத்தில் காற்றில் அமோனியா பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாதென்று அமெரிக்கத் தொழில் சுகாதார விதி பரிந்துரைக்கிறது. நாம் நிற்கும் உயரத்தில் இலேசாக நெடி தெரிந்தால், துணியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் மூச்சு விடும் பிராணிக்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே நின்றபடி முகராதீர்கள். வெளியே போய்விட்டு வந்ததும், குனிந்து துணிக்கு அருகே முகருங்கள். அதுதான் சரியான சோதனை.

8. பராமரிப்பு அட்டவணை

தினமும்: புழுக்கையைப் பெருக்குதல், மூலைத் துண்டுகளை மாற்றுதல், ஈரம் பட்ட புல்லை எடுத்தல்.
3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை: எல்லாத் துணியும் மாற்றுதல் (இரண்டு பிராணிகளுக்கு).
அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை நாட்களில்: 2 நாளுக்கு ஒரு முறை. இதற்காக மூன்று செட் துணி கைவசம் இருக்கட்டும். காயாத துணியை விரிக்கவே கூடாது.
வாரம் ஒரு முறை: அடித்தட்டை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து உலர்த்துதல்.
ஏப்ரல், மே மாதங்களில்: கூண்டை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுதல். குளிர்ச்சிக்காக ஈரத் துணியை அடியில் விரிக்காமல் கூண்டுக்கு வெளியே தொங்கவிடுதல்.

இவ்வளவு செய்தும் நாற்றம் நீடித்தால் பிராணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் 59 முதல் 72 நாளில் குட்டிகள் வந்துவிடும்; பெண் குட்டி ஒரு மாதத்திலேயே சினைப்படக்கூடும். வயிற்றுப்போக்கு, உள்ளங்காலில் புண், தும்மல், கண்ணில் பீளை, ஒரு நாள் தீனி தொடாமை இவற்றில் எது கண்டாலும் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வசதி.

எங்கள் வீட்டில் இப்போது அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பேத்தி தினமும் அதில் கையெழுத்திடுகிறாள். தனித்துப்போன கினிப்பன்றிக்கு அதே இனத்தில் ஒரு துணையும் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மாளைக் காபிக்கு அழைக்கிறோம். இன்ஸ்பெக்ஷன் அவர்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனால், அந்த மாதம் எங்களுக்குத் தேர்ச்சி.